தமிழ்நாட்டில் சமூக அறிவியல் உயர்கல்வி: வரலாறும் பணிவாய்ப்பும்

சமூக அறிவியல் என்பது மனிதர் கூடி வாழும் முறையை ஆராயும் பாடங்களின் தொகுதி ஆகும். வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், மானுடவியல், புவியியல், உளவியல், பொது நிர்வாகம், சமூகப்பணி ஆகியவை பல்கலைக்கழகங்களில் இத்தொகுதியில் அடங்குகின்றன. பள்ளியில் ஒரே புத்தகமாக இருக்கும் பாடம் கல்லூரியில் தனித்தனித் துறைகளாகப் பிரிகிறது. வரலாற்றைக் கலைப்புலத்திலும் உளவியலை அறிவியல் புலத்திலும் வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

"இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவரின் வீட்டில் எழும் முதல் கேள்வி. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் விடை எளிது. சமூக அறிவியலுக்கு அப்படி ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. அதனாலேயே இப்பாடங்கள் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு உரியவை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. இப்பாடங்கள் தமிழ்நாட்டில் எப்படி வந்தன, அவற்றைப் படித்தவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் அந்த எண்ணத்தைச் சோதித்துக்கொள்ளலாம்.

தொடக்கம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் தோன்றியவை. மூன்றுக்கும் லண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை. வரலாறும் பொருளியலும் பாடத்திட்டத்தில் இருந்தன. ஆனால் படித்தது பெரும்பாலும் இங்கிலாந்தின் வரலாறு. பொருளியல் நூல்களும் இங்கிலாந்தின் ஆலைகளையும் சந்தைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாணவர் தம் ஊரைப் பற்றி எதுவும் அறியாமலே பட்டதாரி ஆகலாம். அவர்களில் பெரும்பாலோர் அரசு அலுவலகங்களுக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் சென்றனர்.

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பல்கலைக்கழகங்களே பேராசிரியர்களை நியமித்து ஆய்வும் கற்பித்தலும் நடத்த வழி திறந்தது. அதன் பயன் சென்னையில் பத்தாண்டு கழித்துத் தெரிந்தது. 1914-இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியரானார். 1915-இல் இந்தியப் பொருளியலுக்குக் கில்பர்ட் சிலேட்டர் வந்து சேர்ந்தார்.

சிலேட்டரும் ஐந்து ஊர்களும்

சிலேட்டர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தின் பொது நிலங்கள் வேலியிடப்பட்டு உழவர் கையை விட்டுப் போன வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர். நிலத்தையும் உழவரையும் அறிந்த அவர், சென்னையில் இருந்துகொண்டு இந்தியப் பொருளியலைப் புத்தகத்திலிருந்து மட்டும் நடத்த விரும்பவில்லை.

அவர் செய்தது எளிய காரியம். மாணவர்களிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, கூலி தானியமாகவா பணமாகவா, கடன் எவ்வளவு, என்ன பயிர், என்ன தொழில் என்பன போன்றவற்றை அவர்கள் விசாரித்து எழுதி வந்தனர். 1916-இல் நடந்த இந்த ஆய்வுகள் 1918-இல் சிலேட்டரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டத்துத் தூசி, விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு ஆகிய ஐந்து ஊர்களும் அந்நூலில் இடம்பெற்றன. ஆய்வுலகில் இவை சிலேட்டர் கிராமங்கள் என்று அறியப்படுகின்றன.

சிலேட்டர் 1921-இல் சென்னையை விட்டுச் சென்றார். வேலை அவரோடு நிற்கவில்லை. அவருக்குப் பின் பொருளியல் துறையில் இருந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அதே ஊர்களை 1930-களில் மீண்டும் ஆராய்ந்தனர். அது 1940-இல் நூலாயிற்று. மார்கரெட் ஹாஸ்வெல் இவ்வூர்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1967-இல் வந்தது. 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மறுபடியும் சென்றனர். இருவேல்பட்டில் 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் ஆய்வு செய்தனர்.

ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படித் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் உலகிலேயே குறைவு. ஊரின் பிழைப்பு வேளாண்மையை மட்டும் நம்பியிருந்த நிலை மாறியதையும், வெளியூர் வேலைகள் பெருகியதையும், நிலவுடைமையாளரைச் சார்ந்தே வாழவேண்டியிருந்த உழைப்பாளர்களின் கட்டு தளர்ந்ததையும் இந்த ஆய்வுகளின் வழியே படிப்படியாகக் காணமுடிகிறது. 1916-இல் ஒரு மாணவர் கூலி விவரத்தை ஒழுங்காகக் குறித்து வைக்காதிருந்தால், பின்னால் வந்தவர்களுக்கு ஒப்பிட எதுவும் இருந்திராது.

கணக்கும் கல்வெட்டும்

இதே காலத்தில் வேறு இருவரின் வாழ்க்கையும் சமூக அறிவியல் படிப்பின் ஆற்றலைக் காட்டுகிறது. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா கணக்காயர் தொழில் செய்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியைப் படித்தபோது, ஆங்கில ஆட்சியின் வரியும் செலவும் இந்தியாவை எப்படி வறுமையாக்கின என்ற கேள்வி அவரைப் பற்றியது. நாடு திரும்பிக் காந்தியைச் சந்தித்தார். குசராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தார். அந்த அறிக்கை 1931-இல் வெளியானது. கிராமப் பொருளாதாரம் பற்றிய அவருடைய பிற்காலக் கருத்துகளுக்கு இக்களப்பணியே அடித்தளம்.

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியல் அறிவியலும் படித்து 1912-இல் பட்டம் பெற்றார். கொலம்பியாவில் 1916-இல் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தார். லண்டன் பொருளியல் பள்ளியில் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் முனைவர் நிலைப் பட்டம் பெற்றார். இந்தியாவில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகவும் பணிபுரிந்தார். அவர் சட்டமேதை என்பதை அனைவரும் அறிவர். சமூக அறிவியல் மாணவராகவே தொடங்கினார் என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

வரலாற்றுத் துறையும் வெளியே சென்றே வளர்ந்தது. 1929-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியரான கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, கோயில் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஆதாரமாகக் கொண்டு சோழர் வரலாற்றை எழுதினார். அதன் முதல் தொகுதி 1935-இல் வெளிவந்தது. ஊர்ச்சபை எப்படி நடந்தது, ஏரி வாரியம் என்ன செய்தது, நிலவரி எவ்வாறு விதிக்கப்பட்டது என்பவை கல்வெட்டு வரிகளிலிருந்தே தெரியவந்தன. 1961-இல் தமிழ்நாட்டு அரசு தொல்லியலுக்குத் தனித்துறை ஏற்படுத்தியபோது, கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த வரலாற்று மாணவருக்கு அரசுப் பணி ஒன்று உருவாயிற்று.

சமூகப்பணி ஒரு தொழிலான கதை

ஏழைக்கு உதவுவது அறம். அதற்குப் பட்டம் எதற்கு என்ற கேள்வி முன்பு இருந்தது. பம்பாயில் 1936-இல் தொடங்கப்பட்ட டாட்டா சமூகப்பணிப் பள்ளி இதற்கு விடை சொல்லத் தொடங்கியது. பின்னர் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்று 1964-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் முதலிய கல்லூரிகளிலும் இத்துறை ஏற்பட்டது. மாணவர்கள் வாரத்தில் சில நாள் வகுப்பிலும் சில நாள் மருத்துவமனை, குடிசைப் பகுதி, ஆலை, சிறார் இல்லம் ஆகிய இடங்களிலும் பயில வேண்டும் என்பது இப்படிப்பின் தனித்தன்மை.

இப்படிப்புக்கு வேலை கிடைக்கச் சட்டமும் காரணமாயிற்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. கோவையின் பஞ்சாலைகளிலும் சென்னையின் பெரிய தொழிற்சாலைகளிலும் அப்பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்பட்டனர். 1973-இல் தமிழ்நாட்டு அரசு தொழிலாளர் கல்விக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. இன்று மனிதவள மேலாண்மை என்று வழங்கும் துறைக்கு நம் நாட்டில் நல அலுவலர் பணியும் ஒரு வேர்.

இதிலிருந்து ஒரு பொது விதியைக் காணலாம். சமூக அறிவியலில் வேலை தானாக வருவதில்லை. குழந்தைகள், தொழிலாளர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் உரிமையை ஒரு சட்டம் ஏற்கும்போது, அதை நிறைவேற்றப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்படுகின்றனர். 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பணிகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கொண்டுவந்தது. பதிவேட்டில் உள்ள பெயரும் கூலியும் உண்மைதானா என்று வீடு வீடாகச் சென்று கேட்கும் சமூகத் தணிக்கையாளர், 1916-இல் வினாநிரலோடு ஊருக்குள் போன மாணவரின் வழித்தோன்றலே.

ஆய்வு நிறுவனங்கள்

விடுதலைக்குப் பின் திட்டமிட்ட பொருளாதாரம் வந்தது. திட்டமிட விவரம் வேண்டும். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1961-இல் இந்தியப் பொருளாதாரப் பணி அமைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த பி. எஸ். லோகநாதன், ஆசியாவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் முதல் செயலராகவும் பின்னர் 1956-இல் தில்லியில் தொடங்கிய பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவின் முதல் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார்.

தஞ்சை மாவட்டம் சமூகவியலாரையும் மானுடவியலாரையும் ஈர்த்தது. கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்தில் இங்கே களப்பணி செய்தார். ஆந்த்ரே பெத்தே ஒரு தஞ்சைக் கிராமத்தில் தங்கி எழுதிய நூல் 1965-இல் வெளிவந்தது. சாதியும் நிலமும் அதிகாரமும் முன்போல் ஒரே கையில் இல்லை, அவை பிரிந்து வருகின்றன என்று அது காட்டியது. இந்திய சமூகவியல் வகுப்புகளில் இன்றும் அந்நூல் படிக்கப்படுகிறது.

1969-இல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேஷையா 1971-இல் சென்னை அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1977-இல் அது தேசிய அளவிலான ஆய்வு நிறுவனமாயிற்று. தமிழ்நாட்டின் நிதிச் செயலராகப் பணியாற்றிய எஸ். குகன் பிற்காலத்தில் இங்கே ஆய்வாளராகச் சேர்ந்து, சிலேட்டர் கிராமங்களின் மறு ஆய்வில் பங்குகொண்டார். ஏழைகளுக்கான ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் பற்றியும் விரிவாக எழுதினார். கோப்பில் வேலை செய்தவர் களத்துக்கும், களத்தில் கற்றவர் கோப்புக்கும் போய்வரும் வழியை இத்தகைய நிறுவனங்கள் ஏற்படுத்தின.

திண்டுக்கல் அருகே 1956-இல் தொடங்கிய காந்திகிராம ஊரக நிறுவனம் கிராம மேம்பாட்டையே பாடமாக வைத்தது. திருவாரூரில் 2009-இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. பொறியியலுக்குப் பெயர்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யும் 2006-இல் வளர்ச்சியியலிலும் ஆங்கிலத்திலும் ஐந்தாண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது.

தமிழ் வழிக் கல்வி

பட்டப்படிப்பைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களில்தான் தொடங்கியது. அதற்காக வரலாறு, பொருளியல், அரசியல், உளவியல் நூல்கள் தமிழில் எழுதப்பட்டன, மொழிபெயர்க்கவும் பட்டன. பின்னர் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அவ்வேலையைத் தொடர்ந்தது. நெசவாளர், உழவர், கூலித் தொழிலாளர் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அந்நூல்களைக் கொண்டே பட்டம் பெற்றனர். 2010-ஆம் ஆண்டின் சட்டம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கிறது. ஆனால் பாடநூல்கள் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்படவில்லை என்றால் அந்த முன்னுரிமையின் பயன் குறையும். முதுகலையிலும் ஆய்விலும் ஆங்கில நூல்களைப் படிக்கும் திறன் இல்லாமல் மாணவர் தடுமாறுவதும் உண்டு.

பணிவாய்ப்புகள்

சமூக அறிவியல் பட்டதாரிகள் செல்லும் வழிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

ஆசிரியப் பணி: வரலாறு, புவியியல் பட்டதாரிகள் பி.எட். முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியராகலாம். பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் போன்ற பாடங்களுக்குத் தமிழ்நாட்டில் பி.எட். சேர முதுகலைப் பட்டம் தேவை. இதை அறியாமல் இளங்கலையோடு விண்ணப்பித்து ஓராண்டை இழப்பவர்கள் உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் தேசியத் தகுதித் தேர்வு அல்லது மாநிலத் தகுதித் தேர்வை மனத்தில் வைத்து முதுகலை முதலாண்டிலேயே தயாராக வேண்டும்.

குடிமைப் பணி: ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், சமூகவியல், மானுடவியல், பொருளியல், உளவியல், பொது நிர்வாகம் ஆகியவை விருப்பப் பாடங்களாக உள்ளன. பொது அறிவுத் தாள்களிலும் இப்பாடங்களின் பங்கு பெரிது. மாநிலத் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் பட்டம் மட்டும் தேர்ச்சிக்கு உறுதி ஆகாது. தேர்வில் கிடைக்கும் இடங்கள் மிகச் சில என்பதால் மாற்று வழி ஒன்றையும் கையில் வைத்திருப்பது நல்லது.

பொருளியல் சார்ந்த பணி: இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளியல் முதுகலை அடிப்படைத் தகுதி. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறை, நபார்டு வங்கி, ஆய்வு நிறுவனங்கள் ஆகியவையும் பொருளியலாரை எடுக்கின்றன. இங்கெல்லாம் கணிதமும் புள்ளியியலும் இன்றியமையாதவை. கணக்குக்கு அஞ்சிப் பொருளியலைத் தேர்ந்தெடுப்பவர் முதுகலையில் திணறுவார்.

சமூகப்பணியும் உளவியலும்: குழந்தைகள் பாதுகாப்பு, மருத்துவமனை, மனநலம், தொண்டு நிறுவனம், தொழிலாளர் நலம் ஆகியவை சமூகப்பணியாளரின் களங்கள். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பும் அதன் பதிவும் வேண்டும்; வெறும் முதுகலை போதாது.

தொல்லியல், ஆவணம், அருங்காட்சியகம்: வரலாற்று மாணவருக்கு எழும்பூரில் உள்ள அருங்காட்சியகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஆய்வுக்களங்கள். கீழடி அகழாய்வுக்குப் பின் தொல்லியல் படிப்பின் மீது ஆர்வம் கூடியுள்ளது. பணியிடங்கள் குறைவு. பழந்தமிழ் எழுத்தும் கல்வெட்டும் கற்றவருக்கு முன்னுரிமை இயல்பாகவே அமைகிறது.

இதழியல், சட்டம், கருத்துக்கணிப்பு, புவித்தகவல் தொழில்நுட்பம் ஆகியவை இளங்கலைக்குப் பின் கூடுதல் பயிற்சியோடு செல்லக்கூடிய பிற வழிகள்.

குறைகள்

இவ்வரலாற்றில் பெருமைக்குரியவை மட்டும் இல்லை. கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், முனைவர் பட்டம் பெற்றவர்கள் கௌரவ விரிவுரையாளர்களாகக் குறைந்த ஊதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். இதைக் காணும் மாணவர் ஆய்வுப் படிப்பையே தவிர்க்கிறார். இளங்கலைப் பாடத்திட்டத்தில் களப்பணி பல இடங்களில் பெயரளவில் நிற்கிறது. கையேட்டை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுபவர், தம் ஊரில் எத்தனை ஏரிகள் தூர்ந்தன, எத்தனை பேர் நிலத்தை விற்றனர் என்று ஒரு நாளும் விசாரித்திருக்க மாட்டார். 1857-இல் தொடங்கிய தேர்வுமுறைக் கல்வியின் அதே குறை வேறு உருவில் திரும்பி வந்துள்ளது.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. சிலேட்டரிடம் இருந்தது ஒரு வினாநிரலும் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களும்தான். ஒவ்வொரு கலைக் கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்களைத் தேர்ந்து பத்தாண்டுக்கு ஒருமுறை ஆராய்ந்தால், மாவட்ட வரலாறு தானாகவே எழுதப்பட்டுவிடும். அதில் ஈடுபட்ட மாணவருக்கு மக்களிடம் பேசவும், கேட்டதைச் சரியாகக் குறிக்கவும், கணக்கிடவும், எழுதவும் பழக்கம் வரும். நல அலுவலருக்கும் சமூகத் தணிக்கையாளருக்கும் இதழாளருக்கும் ஆட்சியருக்கும் வேண்டிய திறன்கள் இவையே.

கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 1916-இல் அவ்வூரின் நிலத்தையும் கூலியையும் குறித்த மாணவர் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. அந்த வயல்கள் எப்படி இருந்தன, அங்கே உழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்பும் இன்றைய கங்கைகொண்டான் பிள்ளைகள் அந்த மாணவர் எழுதியதைத்தான் தேடிப் போக வேண்டும்.